மண் நகர்த்தும் தூரத்தை எண் வரிசைக்குள் அடைப்பது: ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பத்தே பத்துப் புள்ளிகள். வெளிச்சத்தை நாலு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணுகிறோம். முதல் படத்தில் பத்தும் முதல் படியில்: 10, 0, 0, 0. இரண்டாவதில் பத்தும் அடுத்த படியில்: 0, 10, 0, 0. மூன்றாவதில் பத்தும் கடைசிப் படியில்: 0, 0, 0, 10.

கண்ணால் பார்த்தால் முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது முற்றிலும் வேறு. ஆனால் படிக்குப் படி கழித்து, வரும் வித்தியாசங்களைக் கூட்டினால், முதலுக்கும் இரண்டாவதுக்கும் 20 வருகிறது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் அதே 20. இரண்டாவது படி முதல் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது இந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. நாலு படிகளையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டாலும் அதே விடைதான்.

பக்கத்துப் படி எது, தள்ளி இருக்கும் படி எது என்று தெரிந்த ஒரு தூரம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. அதை வேகமாகக் கணக்கிட முடியுமா, எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு பிழை என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பலர் கை வைத்த சிக்கல் இது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: எந்தக் குணத்துக்காக இந்தத் தூரத்தை விரும்புகிறோமோ, அதே குணம்தான் இதைச் சுருக்க விடாமல் தடுக்கிறது. அதைக் கடைசி வரை பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

மண், கூடை, கூலி

ஒரு பரவலை, அதாவது எந்தப் படியில் எத்தனை புள்ளி என்ற கணக்கை, மண் குவியலாக நினையுங்கள். இன்னொரு பரவல், நிரப்ப வேண்டிய பள்ளம். ஒரு கூடை மண்ணை ஒரு படி நகர்த்த ஒரு ரூபாய் கூலி. மொத்தப் பள்ளத்தையும் நிரப்ப ஆகும் குறைந்தபட்சக் கூலிதான் இரண்டு பரவலுக்கும் இடையிலான தூரம். நம் படங்களில் முதலிலிருந்து இரண்டாவதுக்குப் பத்துக் கூடையை ஒரு படி நகர்த்த வேண்டும்: 10. முதலிலிருந்து மூன்றாவதுக்குப் பத்துக் கூடையை மூன்று படி: 30. கண் சொன்னதையே கணக்கும் சொல்கிறது.

1781-இல் பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் எழுதியது உண்மையிலேயே மண் வெட்டிக் கொட்டுவதைப் பற்றித்தான். 1942-இல் சோவியத் யூனியனில் லியோனித் கன்டரோவிச் அதை, ஒரு குவியலைப் பல பள்ளங்களுக்குப் பிரித்து அனுப்பலாம் என்ற வடிவத்துக்கு மாற்றினார். அதனால்தான் இன்று இதை நேரியல் திட்டமிடலாக, அதாவது நேர்கோட்டுச் சமன்பாடுகளுக்குள் செலவைக் குறைக்கும் கணக்காக, தீர்க்க முடிகிறது. வளங்களைப் பங்கிடும் கணிதத்துக்காக அவருக்கு 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. படத் தேடலுக்கு இந்தத் தூரத்தை ஊன்றிக் கொண்டுவந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த யோசி ரூப்னர், கார்லோ தொமாசி, லியோனிதாஸ் கிபாஸ் மூவரும். அவர்களுடைய முதல் கட்டுரை 1998-இல் மும்பையில் நடந்த சர்வதேசக் கணினிப் பார்வை மாநாட்டில் வந்தது. விரிவான வடிவம் 2000-இல் வெளியானது. ‘எர்த் மூவர்ஸ் டிஸ்டன்ஸ்’ என்ற பெயர் ஜார்ஜ் ஸ்டோல்ஃபி சொன்னது. சாலை வடிவமைக்கும் மென்பொருள்களில், மேட்டை வெட்டிய மண்ணைப் பள்ளத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கணக்கிடும் வசதி இருப்பதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். இனி இ.எம்.டி. என்றே சொல்கிறேன்.

ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் மண்ணின் மொத்த அளவு சமமாக இருந்து, படிகளுக்கு இடையிலான தூரமும் ஒழுங்கான தூரமாக இருந்தால்தான் இ.எம்.டி. முக்கோண விதிக்கு (நேராகப் போவது சுற்றிப் போவதைவிட நீளமாகாது என்பதற்கு) கட்டுப்பட்ட தூரமாக இருக்கும். நிகழ்தகவுப் பரவல்களில் மொத்தம் எப்போதும் 1 என்பதால் இங்கே கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில். இருபதாயிரம் படங்கள் உள்ள தொகுப்பில் ஒரு படத்தைக் கொடுத்து, ‘இதைப் போல எது?’ என்று கேட்டால், இருபதாயிரம் மண் கூலிக் கணக்கைப் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நேரியல் திட்டமிடல் கணக்கு. ரூப்னர் குழு இதற்கு ஓர் எளிய சல்லடை வைத்திருந்தது. இரண்டு பரவல்களின் சராசரிப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் ஒருபோதும் இ.எம்.டி.யைத் தாண்டாது. சராசரிகளே தள்ளி இருந்தால் அந்தப் படத்தை முழுக் கணக்குப் போடாமலே ஒதுக்கிவிடலாம். நல்ல உத்திதான். ஆனால் இது ஒரு பக்கக் காவல் மட்டுமே: சராசரி ஒன்றாக இருந்தும் பரவல்கள் முழுக்க வேறாக இருக்கலாம். நடுவில் ஒரே குவியலாக இருக்கும் மண்ணுக்கும், இரண்டு ஓரங்களில் பாதிப் பாதியாக இருக்கும் மண்ணுக்கும் சராசரி ஒன்றுதான்.

எம்பெடிங் என்ன கேட்கிறது

ஒவ்வொரு பரவலையும் ஒரு நீண்ட எண் வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றி வைத்துவிட வேண்டும். அதன் பிறகு இரண்டு வெக்டர்களைக் கழித்துக் கூட்டினாலே இ.எம்.டி. கிடைத்துவிட வேண்டும். இப்படி மாற்றி வைப்பதற்குத்தான் எம்பெடிங் என்று பெயர். கழித்து, குறியை விட்டுவிட்டுக் கூட்டும் அந்தத் தூரத்துக்கு எல்-1 என்று பெயர். மாற்றும் வேலையை ஒரு பரவலுக்கு ஒரு முறை செய்தால் போதும். அந்த நேரத்தில் இன்னொரு பரவலைப் பார்க்க வேண்டியதில்லை.

எல்-1 மேல் ஏன் இவ்வளவு ஆசை? எல்-1 வெளியில் தேடுவதற்குக் கருவிகள் தயாராக இருந்தன. 1998-இல் பியோத்ர் இண்டிக், ராஜீவ் மோத்வானி இருவரும் கொண்டுவந்த லொக்காலிட்டி சென்சிட்டிவ் ஹாஷிங், அருகில் உள்ள வெக்டர்கள் ஒரே பெட்டியில் விழும் வாய்ப்பு அதிகம் இருக்கும்படி ஹாஷ் செய்கிறது. அதனால் தொகுப்பு முழுவதையும் தொடாமலே பக்கத்துப் படங்களைப் பிடித்துவிடலாம். இ.எம்.டி.யை எல்-1 ஆக்கிவிட்டால் இந்த வசதி எல்லாம் சும்மா வந்து சேரும்.

திரிபு என்பது இதில் நேரும் நஷ்டத்தின் அளவு. சில ஜோடிகளுக்கு வெக்டர் தூரம் உண்மைத் தூரத்தைப் போல நாலு மடங்காகத் தெரியலாம், சில ஜோடிகளுக்கு எட்டு மடங்காகத் தெரியலாம். எல்லாம் ஒரே சீராக நாலு மடங்கு என்றால் கவலையே இல்லை, நாலால் வகுத்துவிடலாம். மிகக் கூடுதலான மடங்குக்கும் மிகக் குறைந்த மடங்குக்கும் உள்ள விகிதம்தான் திரிபு. இங்கே அது இரண்டு.

சுலபமாக முடிந்தவை

பரவல்களை ஒப்பிடும் வேறு சில தூரங்களுக்கு இந்த வேலை பிறவியிலேயே முடிந்திருக்கிறது. மொத்த மாறுபாட்டுத் தூரம் எல்-1-இல் பாதி, அவ்வளவுதான். ஹெல்லிங்கர் தூரத்துக்கு ஒவ்வொரு நிகழ்தகவின் வர்க்கமூலத்தையும் எடுத்து வைத்தால் போதும், சாதாரண யூக்ளிட் தூரம் வந்துவிடும். ஜென்சன்–ஷானன் அளவின் வர்க்கமூலம் ஒரு தூரம் என்று 2003-இல் எண்ட்ரஸ், ஷிண்டெலின் இருவரும் காட்டினார்கள். ஃபுக்லடே, தோப்ஸோ இருவரும் 2004-இல் அது ஹில்பர்ட் வெளியில் (யூக்ளிட் வெளியின் முடிவிலிப் பரிமாண வடிவத்தில்) திரிபே இல்லாமல் உட்காரும் என்றார்கள். குல்பாக்–லைப்லர் அளவு மட்டும் ஆரம்பத்திலேயே விலகிவிடுகிறது: இடம் மாற்றினால் விடை மாறுகிறது, ஒரு பக்கம் பூஜ்யமானால் முடிவிலிக்குப் போகிறது.

இவை எல்லாமே படிக்குப் படி ஒப்பிடுபவை. ஆரம்பத்தில் சொன்ன சீட்டுக்கட்டுச் சோதனையில் எல்லாமே தோற்கும். பக்கத்துப் படி எது என்று தெரியாததால்தான் இவை இவ்வளவு சுலபமாக அடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இ.எம்.டி.யும் ஒரு இடத்தில் துளித் திரிபு இல்லாமல் அடங்குகிறது: நேர்கோட்டில். நம் மூன்று படங்களையே எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஏறுதொகை போடுங்கள். முதல் படம் 10, 10, 10, 10. இரண்டாவது 0, 10, 10, 10. மூன்றாவது 0, 0, 0, 10. இப்போது கழித்துக் கூட்டினால் 10, 30. அச்சு அசலாக மண் கூலி. காரணம் எளிது. முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டு, அதைத் தாண்டி எத்தனை கூடை போக வேண்டும் என்று கேளுங்கள். இடப் பக்கத்தில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவு. வேறு வழியே கிடையாது. ஒவ்வொரு சுவரையும் தாண்டும் அளவு, மண்ணை எப்படி நகர்த்துவது என்று யோசிக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

கிளை பிரியும் மரத்திலும் இதே கதைதான். எந்தக் கிளையை வெட்டினாலும் மரம் இரண்டாகும், அந்தக் கிளை வழியே போக வேண்டிய மண் தானாகத் தெரிந்துவிடும். ஆகவே மரத்தின் மேல் உள்ள இ.எம்.டி.யும் எல்-1-க்குள் அப்படியே உட்காரும். பின்னால் வரும் எல்லாம் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

வட்டம் கொஞ்சம் சிக்கல். நிறச் சாயல் வட்டத்தில்தான் இருக்கிறது: சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று சுற்றி மறுபடி சிவப்புக்கே வரும். மண்ணை இந்தப் பக்கமாகவும் கொண்டுபோகலாம், அந்தப் பக்கமாகவும் கொண்டுபோகலாம். வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் குருட்டாம்போக்கில் வெட்டி நேர்கோடாக்கினால், வெட்டு இரண்டு புள்ளிகளின் நடுவே விழும்போது தூரம் பெரிதாகும். வட்டத்தின் சுற்றளவை 1 என்று வைத்துச் சராசரி எடுத்தால், தூரம் அதிகபட்சம் இரண்டு மடங்குக்குள் அடங்குகிறது. இரண்டு மடங்கு பரவாயில்லை, சமாளிக்கலாம்.

தளத்துக்கு வந்தபோது

படத்தில் புள்ளிகள் கிடக்கும் இடம் கோடும் அல்ல, வட்டமும் அல்ல, தளம். 2002-இல் மோசஸ் சாரிகர் ஒரு கட்டுரையில், எந்த வெளியானாலும் அதை மரங்களால் தோராயமாக மாற்றி, அந்த மரத்தின் மேல் இ.எம்.டி.யைப் பார்த்தால் எல்-1 வந்துவிடும் என்று காட்டினார். (இன்று பலருக்குத் தெரிந்த சிம்ஹாஷ் உத்தியும் அதே கட்டுரையில் வந்ததுதான்.) 2003-இல் இண்டிக், நிதின் தாப்பர் இருவரும் தளத்துக்கு மட்டும் மிக எளிமையான ஒரு வடிவத்தைக் கொடுத்துப் படத் தேடலில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வடிவத்தை ஒரு கட்டம் போட்ட தாளில் போட்டுப் பார்ப்போம். நான் இதைப் புரிந்துகொண்டது அப்படித்தான்.

எட்டுக்கு எட்டுக் கட்டம். முதலில் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் எத்தனை புள்ளி என்று எண்ணி எழுதுங்கள். அப்புறம் இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துப் பெரிய கட்டமாக்கி எண்ணி, எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி எழுதுங்கள். பிறகு நாலுக்கு நாலு, நாலால் பெருக்கல். பிறகு எட்டுக்கு எட்டு, எட்டால் பெருக்கல். எல்லாவற்றையும் ஒரே வரிசையாக ஒட்டினால் அதுதான் வெக்டர். கட்டத்துக்குள் கட்டம் அடங்கியிருப்பதால், இது ஒரு மரம்தான். கிளைகளுக்குப் பதில் கட்டங்கள்.

இப்போது ஒரே ஒரு புள்ளி உள்ள இரண்டு படங்களை எடுங்கள். ஒன்றில் புள்ளி (4,0)-இல், மற்றதில் (5,0)-இல். உண்மைத் தூரம் 1. சிறு கட்ட அடுக்கில் இரண்டும் வேறு வேறு கட்டம், ஆகவே 2. இரண்டுக்கு இரண்டு அடுக்கில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன, அதற்கு மேல் வித்தியாசமே இல்லை. மொத்தம் 2.

அடுத்து (3,0), (4,0). உண்மைத் தூரம் இதற்கும் 1 தான். ஆனால் இவற்றின் நடுவே நாலாவது கோடு ஓடுகிறது. சிறு கட்டத்தில் வேறு: 2. இரண்டுக்கு இரண்டில் வேறு: 4. நாலுக்கு நாலில் வேறு: 8. மொத்தம் 14. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே மாவட்ட எல்லை ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி.

இதைச் சரிசெய்யத்தான் கட்டப் பலகையைக் குருட்டாம்போக்கில் நகர்த்திவைப்பது. நகர்த்தலை 0 முதல் 7 வரை எட்டு விதமாக வைத்து, (3,0), (4,0) ஜோடிக்குக் கையால் போட்டுப் பார்த்தேன். ஒரு நகர்த்தலில் எட்டுக் கட்டக் கோடே நடுவே விழுகிறது: 30. ஒன்றில் 14. இரண்டில் 6. மீதி நாலு நகர்த்தலிலும் வெறும் 2. கூட்டினால் 64, எட்டால் வகுத்தால் 8. இந்த 8 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். சிறு கட்டக் கோடு எப்போதும் நடுவே விழும், அதற்கு 2. இரண்டு கட்டக் கோடு பாதி நேரம் விழும், விழுந்தால் 4, சராசரி 2. நாலு கட்டக் கோடு கால்வாசி நேரம், விழுந்தால் 8, சராசரி 2. எட்டுக் கட்டக் கோடு அரைக்கால்வாசி நேரம், விழுந்தால் 16, சராசரி 2. ஒவ்வொரு அடுக்கும் தவறாமல் அதே 2-ஐ வாங்கிக்கொள்கிறது. பெரிய கோடு அரிதாக விழுகிறது, ஆனால் விழும்போது அந்த அளவுக்கு அடிக்கிறது.

இதே பலகையில் (0,0), (7,0) என்ற தொலைவு ஜோடியைப் பாருங்கள். உண்மைத் தூரம் 7. கீழ் மூன்று அடுக்குகளும் எப்போதும் பிரிக்கும்: 2, 4, 8. எட்டுக் கட்ட அடுக்கு எட்டில் ஏழு முறை பிரிக்கும்: சராசரி 14. மொத்தம் 28, அதாவது நாலு மடங்கு. பக்கத்து ஜோடிக்கோ எட்டு மடங்கு. திரிபு குறைந்தது 2.

பலகையைப் பெரிதாக்குவோம், பக்கத்துக்கு 1024 கட்டம். தொலைவு ஜோடிக்கு அதே நாலு மடங்குதான் வருகிறது. பக்கத்து ஜோடிக்கோ இப்போது அடுக்கு பதினொன்று, ஆகவே 22 மடங்கு. இந்த இரண்டு ஜோடிகளை வைத்து மட்டும் பார்த்தாலே திரிபு 5.5. பக்கத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு கூடுகிறது, அந்த அடுக்கு தன் 2-ஐ வாங்கிக்கொள்கிறது. பக்க அளவின் லாக் (மடக்கை) அளவுக்குத் திரிபு என்று கட்டுரைகளில் வருவது இதுதான்.

மறுபக்கம் ஒரு உத்தரவாதம் உண்டு. வெக்டர் தூரம் எந்த நகர்த்தலிலும் உண்மை இ.எம்.டி.யில் பாதிக்குக் கீழே போகாது. சிறு கட்டத்திலிருந்து தொடங்கி, ஒரே கட்டத்துக்குள் இருக்கும் மண்ணையும் பள்ளத்தையும் அங்கேயே ஜோடி சேர்த்துவிடுங்கள். மிஞ்சியதை அடுத்த பெரிய கட்டத்துக்குத் தள்ளுங்கள். மிஞ்சியவை எவ்வளவு என்பது அந்த அடுக்கின் எண்ணிக்கை வித்தியாசத்தில் பாதி. அவை நடக்க வேண்டிய தூரம் அடுத்த கட்டத்தின் அகல உயரத்துக்குள் அடங்கும். இப்படி ஒரு நகர்த்தும் திட்டமே கையில் கிடைத்துவிடுவதால், குறைந்தபட்சக் கூலி அதைத் தாண்ட முடியாது. ஆக, தள்ளி இருப்பவை பக்கத்தில் இருப்பதாக இந்த வெக்டர் ஏமாற்றாது. பக்கத்தில் இருப்பவற்றைத் தள்ளி வைத்துவிடுவதுதான் இதன் குறை. படம் தேடுபவருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். கிடைத்த படம் தவறாக இருக்கும் வாய்ப்பைவிட, கிடைக்க வேண்டிய படம் விடுபடும் வாய்ப்பு அதிகம்.

நகர்த்தல் குருட்டாம்போக்கு என்பதால் விடையும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததுதானே என்று கேட்கலாம். எல்லா நகர்த்தலுக்கும் உரிய வெக்டர்களை நகர்த்தல்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நீண்ட வரிசையாக ஒட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும், லாக் போகாது.

லாக் யாருடைய குற்றம்?

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. கட்டம் போடுவது ஒரு வழி. இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று இருந்து, பலகை எவ்வளவு பெரிதானாலும் திரிபு ஒரே அளவில் நிற்குமா?

இல்லை என்று 2006-இல் அசாஃப் நாவோர், கிதியோன் ஷெக்ட்மன் இருவரும் நிரூபித்தார்கள். கட்டுரையின் தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிடும்: தளத்து எர்த் மூவர் எல்-1-இல் இல்லை. எந்த முறையில் மாற்றினாலும், திரிபு பக்க அளவின் லாகின் வர்க்கமூலம் அளவுக்காவது வளர்ந்தே தீரும். மேலே லாக், கீழே லாகின் வர்க்கமூலம். நடுவில் அவர்கள் ஓர் இடைவெளியை விட்டார்கள். ஆனால் நிற்காமல் வளரும் என்பதில் இனிச் சந்தேகமில்லை. சுபாஷ் கோட், நாவோர் இருவரும் அதற்கு முன்பே பல பரிமாணக் கனசதுரத்தின் முனைகளில் உள்ள இ.எம்.டி.க்கு, பரிமாண எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் திரிபு தேவை என்று காட்டியிருந்தார்கள். பரிமாணம் கூடினால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கோட்டில் துளித் திரிபு இல்லாமல் முடிந்தது, தளத்தில் ஏன் முடியவில்லை? நிரூபணத்தின் கணிதம் கடினம்; 1975-இல் கிஸ்லியாகோவ் சோபொலேவ் வெளிகளைப் பற்றி எழுதியதன் வழியில் அது போகிறது. ஆனால் தடை எங்கே இருக்கிறது என்பதைக் கன்டரோவிச்சின் மறுபக்கக் கணக்கை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மண்ணை நீங்களே சுமக்காமல் ஒரு வியாபாரியிடம் விடுகிறீர்கள். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணுக்கு ஒரு விலை வைக்கிறார். மேட்டில் ஒரு விலைக்கு வாங்கி, பள்ளத்தில் இன்னொரு விலைக்கு விற்கிறார். பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே விலை வித்தியாசம் ஒரு ரூபாயைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீங்களே சுமந்துவிடுவீர்கள். இந்த விதிக்குள் அவர் அடையக்கூடிய அதிகபட்ச லாபம் சரியாக இ.எம்.டி.க்குச் சமம்.

கோட்டில் அந்த வியாபாரிக்கு முழுச் சுதந்திரம். ஒவ்வொரு படியிலும் விலையை ஒரு ரூபாய் ஏற்றலாம் அல்லது இறக்கலாம். ஒரு படியில் செய்தது அடுத்த படியைக் கட்டுப்படுத்தாது. படிக்குப் படி தனித்தனியாக முடிவு எடுத்து, லாபத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். தனித்தனி முடிவுகளின் கூட்டல் என்பதுதான் எல்-1. தளத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. வலப்பக்கம் ஒரு ரூபாய் ஏறி, மேலே ஒரு ரூபாய் ஏறி, இடப்பக்கம் திரும்பி, கீழே இறங்கி, புறப்பட்ட கட்டத்துக்கே வந்தால் விலை பழையபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு சின்னச் சதுரமும் ஒரு நிபந்தனை போடுகிறது. பெரிய சதுரங்களும் போடுகின்றன. முடிவுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பிடிப்பைத் தனித்தனி எண்களாக அவிழ்க்க முடியவில்லை. எல்லா அளவுச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் தளத்தின் சிக்கல். வட்டத்தில் ஒரே ஒரு சுற்று, அதனால்தான் அங்கே இரண்டு மடங்கோடு தப்பித்தோம்.

2015-இல் இதன் கிளையாக இன்னொரு முடிவு வந்தது. வெக்டரே வேண்டாம், ஒவ்வொரு பரவலுக்கும் மாறாத அளவில் ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொண்டு, இரண்டு குறிப்புகளைப் பார்த்தே தூரத்தை ஒரு நிலையான மடங்குக்குள் சொல்லிவிட முடியுமா என்பது கேள்வி. அலெக்ஸாண்டர் அண்டோனி, ராபர்ட் கிரவுத்கமர், இலியா ரஸன்ஷ்டைன் மூவரும் நெறிம (நார்ம்) வடிவத் தூரங்களுக்கு, அதாவது இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பொறுத்து அதே விகிதத்தில் வளரும் தூரங்களுக்கு, பொதுவாக ஒன்றை நிரூபித்தார்கள்: அப்படிப்பட்ட குறிப்பு சாத்தியம் என்றால், கிட்டத்தட்ட எல்-1 போன்ற ஒரு வெளிக்குள் நிலையான திரிபோடு எம்பெடிங்கும் சாத்தியம். நாவோர்–ஷெக்ட்மன் பிந்தையதை மூடிவிட்டதால் முந்தையதும் மூடிக்கொண்டது. கூடுதல் இடம் கொடுத்தால் கதை வேறு. 2009-இல் அண்டோனி, டோ பா, இண்டிக், உட்ரஃப் நால்வரும் பலகையின் அளவோடு மெல்ல வளரும் குறிப்புகளால் நிலையான மடங்கை எட்டினார்கள்.

அப்படியானால் பயன்படுத்துபவர் என்ன செய்கிறார்?

ஒரு எச்சரிக்கை முதலில். லாக் 1024 என்பது பத்து என்பதால் பத்து மடங்குப் பிழை என்று படித்துவிடக் கூடாது. இவை மிக மோசமான ஜோடிக்கான எல்லைகள், முன்னால் மறைந்திருக்கும் மாறிலிகளும் உண்டு. சாதாரணப் படங்களில் மண் ஒரே கோட்டின் இருபுறமும் குவிந்து கிடப்பதில்லை. சில புள்ளிகள் கெட்டால் சில புள்ளிகள் நன்றாக விழும், சராசரி தானாக நடக்கிறது. 2005-இல் கிறிஸ்டன் க்ராவ்மன், ட்ரெவர் டேரல் இருவரும் கொண்டுவந்த பிரமிட் மேட்ச் கெர்னல் என்ற ஒப்பீட்டு முறையும் இதே அடுக்குக் கட்டங்களின் மேல் நிற்பதுதான். பொருள்களை அடையாளம் காணும் வேலையில் அது நன்றாகவே உழைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த நகர்வு 2020-இல் வந்தது. பக்கர்ஸ், டோங், இண்டிக், ரஸன்ஷ்டைன், வாக்னர் ஐவரும் எழுதிய ஃப்ளோட்ரீ முறை. கட்ட மரத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை. எந்த மண் எந்தப் பள்ளத்துக்குப் போவது என்ற ஜோடி சேர்ப்பை மரத்திடம் விட்டுவிட்டு, கூலியை மட்டும் உண்மைத் தூரத்தில் போட்டார்கள். (3,0), (4,0) ஜோடிக்கு மரம் 14 என்றது. ஜோடி சேர்க்க அங்கே இருப்பது ஒரே புள்ளி. உண்மைத் தூரத்தில் கூலி 1. பிழை முழுக்கப் போய்விட்டது. இதற்குக் கொடுக்கும் விலை, இது இனி எல்-1 அல்ல என்பது. ஹாஷ் செய்ய முடியாது, தொகுப்பை வரிசையாக ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஒப்பீடும் சரியான இ.எம்.டி.யைவிட மிக மலிவு.

மரம் ஜோடி சேர்ப்பதிலேயே தவறினால்? அதையும் எட்டுக்கு எட்டுத் தாளில் பார்த்துவிடலாம். ஒரு படத்தில் (3,0), (4,3) என்று இரண்டு புள்ளிகள். மற்றதில் (4,0), (3,3). உண்மையில் (3,0) பக்கத்திலிருக்கும் (4,0)-க்கு ஒரு படி, (4,3) பக்கத்திலிருக்கும் (3,3)-க்கு ஒரு படி. மொத்தக் கூலி 2. பலகையை நகர்த்தாமல் வைத்தால் நாலாவது கோடு நடுவில் ஓடுகிறது. கட்ட வெக்டர் சிறு அடுக்கில் 4, அடுத்ததில் 8 என்று 12 சொல்கிறது. மரம் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பவற்றை இடப்பக்கமே ஜோடி சேர்க்கிறது: (3,0) மூன்று படி ஏறி (3,3)-க்குப் போகிறது, (4,3) மூன்று படி இறங்கி (4,0)-க்கு வருகிறது. ஃப்ளோட்ரீயின் கூலி 6. பன்னிரண்டுக்கு ஆறு தேவலாம், ஆனால் இன்னும் மூன்று மடங்கு.

அதே நாலு புள்ளிகளையும் ஒரே ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். இப்போது நடுவில் சிறு கட்டக் கோடு மட்டும்தான். கட்ட வெக்டர் 4 என்கிறது, ஃப்ளோட்ரீ சரியாக 2 என்கிறது. அதனால்தான் அந்தக் குழுவும் சல்லடைகளை வரிசையாக வைத்தது. முதலில் கட்ட மரத்தின் மலிவான மதிப்பீடு தொகுப்பு முழுவதிலும் ஓடுகிறது. மிஞ்சியவற்றில் ஃப்ளோட்ரீ. கடைசியில் கையில் நிற்கும் சிலவற்றுக்கு மட்டும், ஸ்டான்ஃபோர்டில் மூவரும் தொடங்கிய அதே முழு மண் கூலிக் கணக்கு.